வெள்ளிக்கிழமை மாத்திரை

1

நேற்று அலுவலகத்துக்குப் போனபோது என் மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பிரித்தால் பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகங்கள், கட்டுக்கட்டாக. 'சர்க்கரை நோயும் நோன்பும்' என்று மேலே போட்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதி, உருதுவிலும் வங்காளத்திலும் அரபியிலும் மொழிபெயர்த்தது. ரமலான் தொடங்குவதற்கு முன்னால் ஊரிலுள்ள மசூதிகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் போய்ச் சேரவேண்டும். அந்த ஆங்கிலத்தை எழுதியவள் நான். பெயரெல்லாம் போடமாட்டார்கள், நகராட்சிப் பிரசுரம் அல்லவா. போன வருடம் இதே பெட்டி வந்தபோது ஒன்றைக் கையிலெடுத்து மோந்துகூடப் பார்த்தேன், அத்தனை பெருமை. நேற்று மூடியைத் திறந்ததும் மறுபடி மூடிவிட்டேன். பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வருடமாக யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே இந்தக் குளிர்பிடித்த ஊருக்கு வந்து பதினாறு வருடமாகிறது. நகராட்சியின் பொதுச் சுகாதாரப் பிரிவில் வேலை. இருமல் மூன்று வாரம் நீடித்தால் சளியைப் பரிசோதியுங்கள், பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்றா, உப்பைக் குறையுங்கள், நடங்கள், புகைப்பதை விடுங்கள், இப்படியான அறிக்கைகளையெல்லாம் சாதாரண ஜனத்துக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுப்பவள். என் அக்காள் புருஷன் ஞானதாஸ் அத்தான் ஊரில் யாராவது கேட்டால், "அவளுக்கு வராத சீக்குக்கு நோட்டீஸ் அடிக்குத சோலியாக்கும்" என்று சொல்லிவிடுவார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வேலை அதுதான். நோய் வரவில்லையென்றால் நான் ஜெயித்தேன் என்று அர்த்தம், வராததை யார் பார்ப்பார்கள்?

2

அந்தப் பச்சைப் புத்தகம் சும்மா வந்துவிடவில்லை. பதினாறு பக்கத்துக்கு நான்கு மாதம். ஒன்பது பேர் கொண்ட குழு. தட்டில் மூன்று பேரீச்சம்பழம் இருக்கிற படம் போட்டால், சர்க்கரை நோயாளி மூன்று தின்னலாம் என்று நாமே சொன்னதாகிவிடாதா என்று உணவு ஆலோசகர் கேட்டார். அதைப் பற்றி மட்டும் இரண்டு கூட்டம். கடைசியில் ஒரு பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் என்று முடிவாயிற்று. இந்த ஊரில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. படிவத்தில் பிழை இருந்தால் அதைச் சொல்வதற்கும் ஒரு படிவம் உண்டு.

என் முதல் வரைவைப் படித்துவிட்டு வாயைத் திறந்து உருப்படியாகப் பேசியவள் நஸ்ரீன் ஒருத்திதான். அந்தப் பகுதி மசூதியில் பெண்கள் சங்கத்தை நடத்துகிறவள், லாகூர்க்காரி, என் வயது. "எல்லாம் நல்லா எழுதியிருக்கே. ஒன்று மட்டும் விட்டுட்டே" என்றாள். "டாக்டர் எங்ககிட்ட நோன்பு இருக்கியான்னு கேட்கிறதில்லை. கேட்டா நாங்க ஆமான்னு சொல்லுவோமோன்னு அவருக்கு பயம். நாங்களும் சொல்றதில்லை. சொன்னா திட்டுவாரோன்னு எங்களுக்கு பயம். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருக்கோம், மாத்திரை மட்டும் வயித்துக்குள்ள போகுது. அதை எழுது."

அசந்துபோனேன். அன்றைக்கே மாற்றி எழுதினேன். சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகளை உணவில்லாமல் போட்டால் அளவுக்கு மீறிக் குறைத்து ஆளைச் சாய்த்துவிடும், ஆகவே நோன்பு இருப்பதாக டாக்டரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு முழுப் பக்கம். ஆறாம் பக்கத்தில், இங்கே 'ஹைப்போ' என்று சொல்கிற அந்தச் சர்க்கரைத் தாழ்வின் அடையாளங்கள்: கொட்டும் வேர்வை, நடுக்கம், குழறுகிற பேச்சு, காரணமில்லாத அழுகை, எதிரில் நிற்பவரைத் தெரியாமல் போவது. எது வந்தாலும் உடனே இனிப்பைக் கொடுங்கள், நோன்பை அப்போதே முடித்துக்கொள்ளுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்தாலும் புரியவேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இருந்தது. என் மகள் ஆன்சி, அப்போது பதின்மூன்று. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, என் ஆங்கிலத்தைப் பிய்த்து எறிந்தாள். "யாரும்மா இப்படிப் பேசுவாங்க?" என்று வரிக்கு வரி ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் திருத்திய பிரதி இரண்டு மாதம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஆன்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளுக்கும் தமிழுக்கும் ஏதோ பேசாத பகை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதையும் பன்னிரண்டு வயதோடு நிறுத்திவிட்டாள். "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சும்மா கண்ணை மூடி நடிக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டாள். அவளை நினைத்து நான் அழுத நாட்கள் உண்டு.

3

கிரேஸ் அக்கா எனக்கு பதினோரு வயது மூத்தவள். எனக்குத் தலைபின்னிவிட்டதும் அவள், படிக்கவைத்ததும் அவள். அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் ஊரில் பாதிப்பேர் அவள் தராசில் தொங்கிய பிள்ளைகள்தான். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள். மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்வாள். டாக்டர் சொன்னால் அதுதான் சட்டம்.

எங்கள் அம்மா நேர் எதிர். சர்க்கரை மாத்திரையை இன்றைக்கு உடம்பு தேவலாம் என்று விடுவார், நாளைக்கு கல்யாண வீடு என்று விடுவார். கால் விரலில் ஒரு புண் வந்தது. விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு ஆளே போய்விட்டார். அக்காவுக்கும் சர்க்கரை வந்தது என்று தெரிந்த அன்று எனக்கு அந்தப் பாதம்தான் கண்முன் நின்றது. போனை எடுத்து, வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினேன். எங்கள் ஊர்ப் பேச்சில், ஆவேசமாக:

"யக்கா, அம்ம செஞ்சத நீ செய்யாண்டாம். ஒரு நாளுகூட மாத்திரைய விடப்பிடாது. காய்ச்சல்னாலும் செரி, கல்யாணம்னாலும் செரி. கர்த்தரே வந்து விளிச்சாலும் மாத்திரையப் போட்டுட்டுத்தான் எறங்கணும், கேட்டியா?"

அக்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். சொன்னபடியே செய்யவும் செய்தாள். ஒரு நாள் விடவில்லை.

அக்காவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. இருபது வருடமாக, வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் சபையில் பெண்கள் கூடும் உபவாச ஜெபத்தை நடத்துகிறவள் அவள். காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை. காலையில் பச்சைத்தண்ணீர் மட்டும். ஜெபம் முடிந்ததும் சபையின் பின்புறச் சமையல்கட்டில் கஞ்சியும் பயறும், பால் விடாத கட்டன்சாயாவும். அக்கா நடத்துவதற்கு முன்பிருந்தே, பிறந்ததிலிருந்து எனக்கு இந்த ஜெபம் தெரியும். நானும் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய் அந்தக் கஞ்சிக்காகவே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டும் எனக்குத் தெரியும். மாத்திரையும் தெரியும், வெள்ளிக்கிழமையும் தெரியும். ஊரார் நோன்பைப் பற்றி நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினேன். என் அக்காவின் உபவாசம் ஒரு நாள்கூட என் தலையில் உதிக்கவில்லை. அது எனக்கு நோன்பாகவே படவில்லை. அது எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை. இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் சம்பளம் வாங்குகிறேன் பாருங்கள்.

4

போன வருடம் இதே மாதம், ஒரு வெள்ளி. இங்கே காலை ஏழு மணி, வெளியே கும்மிருட்டு. ஊரில் பன்னிரண்டரை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயாயிற்று. நான் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து, அந்த உபவாச ஜெபத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டே ஆன்சிக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். கொரோனாக் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. சபையின் ஜன்னல் படியில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் அக்காவின் போனைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். மஸ்கட்டிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஊர்க்காரர்கள் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்துச் சத்தம் அங்கே இரைச்சலாகக் கேட்கிறது என்று அந்தப் போனின் ஒலியை அடைத்து வைத்திருப்பார்கள்.

அக்கா நடுவில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அளந்து பேசுகிறவள், கொஞ்ச நாளாக உருகி ஜெபித்தாள், அன்றைக்கோ குரல் ஏறிக்கொண்டே போயிற்று. உடம்பு நடுங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது. திடீரென்று அழுதாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எந்தப் பாஷை என்று தெரியாதபடி வந்தன. சுற்றியிருந்த பெண்கள், "ஆவியானவர் எறங்கிட்டார், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கைகளை உயர்த்தினார்கள். ஒருத்தி அக்காவின் தலையில் கைவைத்தாள். மஸ்கட்டிலிருந்து ஒருவர் கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறாம் பக்கத்தை எழுதிய நான்?

ரொட்டித் துண்டைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி, "ஆமென்" என்றேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. என் அக்காவுக்கு இப்படியொரு ஆவியின் அபிஷேகமா என்று நெஞ்சு பொங்கிற்று. வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் ஆன்சி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பாலையும் கார்ன்ஃப்ளேக்ஸையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். ஊர்ப்பேச்சும் குழறலும் கலந்த அந்த ஜெபத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. புரியாததால் அவள் கேட்கவில்லை, பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மா ஈஸ் நாட் ப்ரேயிங்."

"சத்தம் போடாதே."

"அம்மா! ஷீ ஈஸ் ஹேவிங் எ ஹைப்போ. யுவர் புக். பேஜ் சிக்ஸ்!"

ஐயோ, அந்த நொடியை எப்படி எழுத! உயர்த்திய கை உயர்த்தியபடி நின்றுவிட்டது. போனில் பார்க்கிறேன்: வேர்வை. நடுக்கம். குழறும் பேச்சு. காரணமில்லாத அழுகை. நான் வைத்த வரிசையிலேயே என் அக்கா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நின்றாள். "யக்கா! இனிப்பு குடுங்க! யாராவது இனிப்பு குடுங்கட்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜன்னல் படியில் அடைத்துவைத்த போன் யாருக்குக் கேட்கும்? அவர்கள் இன்னும் உரக்க ஜெபித்தார்கள். என் கண்ணெதிரே அக்கா முழங்காலில் விழுந்தாள். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் எழுந்தது.

ஆன்சியின் போனைப் பிடுங்கி அத்தான் எண்ணை அடித்தேன். கை வழுக்கி இரண்டு முறை தப்பாகப் போயிற்று. மூன்றாவது தரம் எடுத்தார். அவர்கள் வீடு சபைக்கு அடுத்த சந்து. கடியப்பட்டணத்திலிருந்து வாங்கிவந்த சாளை மீனை வெட்டிக்கொண்டிருந்தாராம்.

"அத்தான், ஓடுங்க! அக்காவுக்கு சுகர் எறங்கிட்டு! சபைக்கு ஓடுங்க, சீனி கலக்கி குடுங்க!"

"அவ ஜெபத்துல இல்லா இருக்கா மக்கா..."

"ஜெபமில்ல அத்தான்! செத்துப்போவா! ஓடுங்க!"

போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆன்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. கைலியை மடித்துக் கட்டியபடி அத்தான் உள்ளே வந்தார், கையெல்லாம் மீன் செதில். பெண்களின் உபவாச ஜெபத்துக்குள் ஓர் ஆண் அப்படி நுழைந்ததே இல்லை. ஒருத்தி தடுத்தாள். அத்தான் அவளைத் தள்ளிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினார். அங்கே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்ததாம். பக்கத்திலேயே கட்டன்சாயாவுக்கு வைத்த சீனி டப்பா. அக்கா விழுந்த இடத்திலிருந்து பத்து எட்டு இருக்காது. சீனியை அள்ளித் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து, அவளைச் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார். நல்லவேளை, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. முதல் வாயைத் துப்பினாள். "உவாசம், உவாசம்" என்று உபவாசத்தைச் சொல்லி அவள் குழறியது எனக்குக் கேட்டது. அத்தான் அழுதுகொண்டே, "குடிட்டி, எனக்க பொன்னுல்லா, குடி" என்றார்.

குடித்தாள். அடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றும் முற்றும் பார்த்து, "நீங்க எப்பிடி இங்க வந்திய? மீனை யாரு பாக்குதா? பூச்ச தின்னிரப் போவுது" என்றாள். மீனைப் பூனை தின்றுவிடும் என்று கவலைப்படுகிறாளே என்று நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

5

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் ஒன்றும் உடையவில்லை, ஆபத்தும் இல்லை. சில மாதத்துக்கு முன்னால் டாக்டர் மாத்திரையை மாற்றி, வீரியமானதைக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பட்டினி என்று அவருக்குத் தெரியாது. மாத்திரையைத் திரும்ப மாற்றிக் கொடுத்தார். இனி உபவாசம் கூடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். குரலில் பலம் வந்திருந்தது. நான் முந்திக்கொண்டு, வழக்கப்படி, திட்ட ஆரம்பித்தேன். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை, இத்தனை படித்தவள் நீ, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ, என்று.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "டாக்டர் கேக்கல்ல. நீயும் கேக்கல்ல, மக்கா."

நஸ்ரீன் சொன்னதேதான்.

அப்புறம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏட்டி, உனக்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் புதிய மாத்திர தொடங்கினதுக்குப் பொறவு, எனக்கு எல்லா வெள்ளிக்கெழமையும் அப்பிடித்தான் வந்துது. பன்னெண்டு மணி ஆச்சுன்னா கையி வெறைக்கும், வேர்க்கும், தரையில நிக்காத்த மாதிரி இருக்கும். அழுவ வரும். இருவது வருசமா நடத்துதேன், இதுக்கு முன்ன ஒருநாளும் அப்பிடி வந்ததில்ல. கடைசியில கர்த்தர் எனக்கும் அபிஷேகம் தந்தாரேன்னு, நான் சபையில எழும்பி சாட்சி சொன்னேன், தெரியுமா? மூணு தடவ சொன்னேன்."

"தெரியும் அக்கா. வீடியோல பாத்தேன்." அந்த மூன்று சாட்சிக்கும் நான் ஆமென் சொல்லியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்போ அதெல்லாம் சுகர் கொறஞ்சதுதானா? எல்லாமேவா? ஒரு வெள்ளிக்கெழமையாவது அவரு வந்திருக்க மாட்டாரா?"

நான் பொதுச் சுகாதாரத்தில் பட்டமேற்படிப்பு படித்தவள். எந்தக் கேள்விக்கும் எளிய மொழியில் விடை எழுதுவது என் தொழில். "நல்லா சாப்பிடு அக்கா" என்று சொன்னேன். அதைவிட மட்டமான பதிலை நான் வாழ்க்கையில் யாருக்கும் சொன்னதில்லை.

6

அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம் போய், புத்தகத்தில் எல்லாச் சமயத்து நோன்புகளையும் சேர்க்கவேண்டும் என்றேன். நல்ல மனுஷி. படிவத்தை நிரப்பச் சொன்னாள். 'திருத்தத்துக்கான ஆதாரம்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 'என் அக்கா' என்று தட்டினேன். பார்த்தேன், அழித்தேன். வேறு ஏதேதோ எழுதி அனுப்பினேன். அடுத்த மறுபரிசீலனையில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது. நேற்று வந்த பெட்டியிலும் அதே பழைய புத்தகம்தான்.

ஊரில் இதற்குப் படிவம் தேவைப்படவில்லை. அக்கா மூன்று வெள்ளி வீட்டில் படுத்திருந்தாள். நான்காவது வெள்ளி எழுந்து சபைக்குப் போனாள். பாட்டுத் தொடங்கும் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்து, அங்கன்வாடிக் குரலில், "சுகர் மாத்திர போடுகவங்க கையத் தூக்குங்க" என்றாளாம். முதலில் ஒருத்தியும் அசையவில்லை. "டாக்டரும் இல்ல, பாஸ்டரும் இல்ல, நான் மட்டுந்தான். தூக்குங்கட்டி" என்று அதட்டியிருக்கிறாள். பதினாலு பேரில் பதினோரு கை எழும்பியது.

"பதினொண்ணா?" என்று போனில் அலறிவிட்டேன்.

"பதினொண்ணு. நம்ம ரோஸ்லி பத்து வருசமா போடுகாளாம், எனக்க பக்கத்துலதான் இருப்பா, எனக்குத் தெரியாது. இன்னைக்கு மாத்திர போட்டியளான்னு கேட்டேன். எல்லாரும் போட்டிருக்காளுவ. முந்தியெல்லாம் உவாசத்தன்னைக்கு மாத்திரைய விட்டிருவாளுவ. இப்பம் விடுகதில்ல."

"ஏன் விடுறதில்ல?"

"நீ கேட்டு வெசனப்படாண்டாம் மக்கா. நீ அன்னைக்கு அனுப்பினேல்லா, ஒரு சத்தம்? கர்த்தரே வந்து விளிச்சாலும் போட்டுட்டுத்தான் எறங்கணும்னு? அத நான் நம்ம ஜெபச் சங்கத்துப் பெண்ணுங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தேன். லண்டன்ல பெரிய சோலியில இருக்கப்பட்டவ சொல்லுகான்னு. எல்லாவளும் போன்ல வெச்சிருக்காளுவ. பேத்திமாருக்கும் போட்டுக் காட்டுவாளுவ."

இத்தனை வருடத்தில் குழு குழுவாக உட்கார்ந்து நான் எழுதிய புத்தகங்களில் பாதி மருந்துக்கடை மூலையில் தூசியடைந்து கிடக்கின்றன. ஆவேசத்தில், யோசிக்காமல், ஒரே மூச்சில் சொன்னது பதினோரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சொன்னது தப்புகூட இல்லை. பாதி சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பாதியைக் கேட்டு, பதினோரு பெண்கள் வெறும்வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து முழங்காலில் நின்றிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் வேர்த்தது, யாரெல்லாம் அழுதார்கள், நான் எதற்கெல்லாம் கை உயர்த்தினேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"வேற ஒரு சத்தம் அனுப்புறேன் அக்கா, இன்னைக்கே" என்றேன்.

"நீ ஒண்ணும் அனுப்பாண்டாம்" என்று வெட்டிவிட்டாள். "நானாக்கும் விழுந்தது. நான் சொல்லிக்கிடுவேன்."

சொல்லவும் சொன்னாள். பதினோரு பேரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போய், "நாங்க வெள்ளிக்கெழம உவாசம் இருக்கப்பட்டவங்க, நீரு கேக்கல்ல, நாங்களே சொல்லுகோம்" என்றாளாம். அந்த டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாராம்.

இப்போது அங்கே முறையே மாறிவிட்டது. மாத்திரைக்காரர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பதினோரு மணிக்கு எல்லாருக்கும் கஞ்சி. இரண்டு கிழவிகள் இதென்ன உபவாசம் என்று கோபித்துக்கொண்டு வேறு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். அக்கா இழுத்துப் பிடிக்கவில்லை. மாத்திரை விவரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கொஞ்ச மாதம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளிடம் கேட்டேன். "இப்ப எப்பிடி அக்கா இருக்கு, ஜெபத்துல?"

"ஒண்ணும் வரல்ல மக்கா" என்றாள். ஒளிக்காமல், சாதாரணமாகச் சொன்னாள். "வயறு நெறஞ்சிருக்கு, தல தெளிஞ்சிருக்கு. கையி வெறைக்கல்ல, அழுவ வரல்ல. பழைய மாதிரி ஆயாச்சு. வந்தா வரட்டு. வரல்லெங்கிலும் நான் அங்கதான் இருப்பேன்."

7

இன்று வெள்ளி. அலுவலகம் கிளம்பும் முன்னால் ஏழு மணிக்குப் போனைச் சாய்த்து வைத்தேன். வெளியே அதே இருட்டு. ஆன்சி பால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சொல்லாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாக வெள்ளிக்கிழமை காலையில் அவள் இங்கேதான் உட்காருகிறாள். பக்தி ஒன்றும் வந்துவிடவில்லை, நான் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து வரும்வரை கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

அக்கா போனுக்கு நெருங்கி வந்தாள். இப்போதெல்லாம் அந்தப் போனின் ஒலியை யாரும் அடைப்பதில்லை, முழுதாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். முகத்தை உற்றுப் பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. மேலுதட்டிலும். ஆன்சியின் கரண்டி பாதியில் நின்றது.

"அக்கா, சாப்பிட்டியா?"

"மூணு இட்லி தின்னேன், கஞ்சியும் குடிச்சாச்சு. என்னட்டி ரெண்டு பேரும் இப்பிடி முழிச்சுப் பாக்குதிய? வேர்வையா? கரண்டு போச்சு, ஃபேன் ஓடல்ல. வேர்க்காம என்ன செய்யும்?"

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். எல்லார் நெற்றியும் ஈரமாகத்தான் இருந்தது. ஒருத்தி பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"செரி, கண்ண மூடு. ஜெபம் பண்ணப் போறேன்" என்றாள் அக்கா.

அவள் மூடிக்கொண்டாள். பின்னால் எல்லாரும் மூடிக்கொண்டார்கள். சிறு வயதில் ஜெபத்தின்போது கண்ணைத் திறந்ததற்காக இதே அக்காவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள் நான். அவள் குரல் எழும்பியது, அளந்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது. ஜெபம் முடிகிறவரை நானும் ஆன்சியும் கண்ணை மூடவில்லை.